கன்ட்ரோல் + சி அழுத்தியும் பைத்தான் லூப் நிற்கவில்லை, டெர்மினலை மூடிவிடலாமா?

மூடாதீர்கள். திரையில் எண்களை அச்சிடும் புரோகிராம் என்றால் மூடினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் கேள்வியில் ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி), ரிலே (அது சொல்கிறபடி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டாக இருக்கும். அந்த ரிலேயின் மறுமுனையில் ஒரு மோட்டாரோ ஹீட்டரோ இருக்குமே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கன்ட்ரோல் + சி அழுத்தினால் சிக்இன்ட் என்ற சிக்னல் (எண் 2) புரோகிராமுக்குப் போகிறது. பைத்தான் அதை கீபோர்ட்இன்டரப்ட் என்ற எக்ஸெப்ஷனாக, அதாவது வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் நிகழ்வாக, எழுப்புகிறது. உங்கள் வைல் ட்ரூவுக்குள் (முடிவில்லாமல் சுற்றும் லூப்) ட்ரை போட்டு, கீழே எக்ஸெப்ஷனைப் பிடிக்க வெறும் எக்ஸெப்ட் என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். வருகிற எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டு லூப்பைத் தொடரும். 2006-ல் வந்த பைத்தான் 2.5 முதல் கீபோர்ட்இன்டரப்ட், எக்ஸெப்ஷன் வகுப்புக்கு வெளியே, பேஸ்எக்ஸெப்ஷனின் கீழ் இருக்கிறது. 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதியிருந்தாலே அது கீபோர்ட்இன்டரப்ட்டைப் பிடிக்காது, லூப் நின்றிருக்கும்.

மன்னார்குடிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு போர்செட் நிலம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், குறுவை நாற்றங்காலுக்கு போர்தான் கதி. தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரைத் தானே போட்டு நிறுத்தும் பெட்டி ஒன்றைப் பொறியியல் மாணவர்கள் மாட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் சென்சாரில் சேறு அப்பி, மட்டம் குறைவு என்றே காட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரப்பைத் தாண்டி வழிகிறது. விதைவிட்ட நாற்றங்கால் மூழ்கிக் கிடந்தால் முளை அழுகிவிடும்.

கொட்டகையில் லேப்டாப்பை இணைத்து கன்ட்ரோல் + சி அழுத்தினேன். "பிழை, மீண்டும் முயற்சி" என்று ஒரு வரி விழுந்தது, அடுத்த நொடி மட்டம் காட்டும் வரி மறுபடி ஓடியது. எத்தனை அழுத்தினாலும் அதேதான். பெட்டியைச் செய்த பையன் டெர்மினலை மூடினான். புரோகிராம் செத்தது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா ஸ்டார்ட்டரின் சிவப்புப் பட்டனை அழுத்துகிறார், நிற்கிறது. விரலை எடுத்தால் திரும்ப உறுமுகிறது. பச்சைப் பட்டனுக்கு இணையாக ரிலேயைக் கட்டியிருந்தார்கள். புரோகிராம் போனபின்னும் ஜிபிஐஓ பின் (ராஸ்பெர்ரி பையிலிருந்து ரிலேக்குப் போகும் முனை) கடைசி நிலையிலேயே இருந்ததால் ரிலே விடவில்லை. "மெயின எறக்குடா தம்பி!" என்று கத்தினார். இறக்கிய பிறகுதான் அடங்கியது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து மாற்றினேன். உள்ளே இருந்த எக்ஸெப்ட்டை ஓஎஸ்எரருக்கு (இயங்குதளம் தரும் பிழை) மட்டும் என்று குறுக்கினேன். லூப் முழுவதையும் வெளியே ஒரு ட்ரைக்குள் வைத்து, கீபோர்ட்இன்டரப்ட்டுக்கு ஒரு எக்ஸெப்ட், அதன்கீழ் ஃபைனலி (எக்ஸெப்ஷன் வந்து லூப் முடிந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி). ஃபைனலியில் முதலில் ரிலேயை அணைத்து, பிறகு ஜிபிஐஓ கிளீனப் (பின்களை விடுவிப்பது). எலக்ட்ரீஷியனை வைத்து, சிவப்புப் பட்டன் அழுத்தினால் நின்றே தீரும்படி வயரிங்கையும் மாற்றினோம். இன்றுவரை அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு அதில் பெருமைதான்.

"கில் மைனஸ் 9 போட்டால் முடிந்ததே" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: அந்தக் கட்டளை அனுப்புவது 'சிக்கில்' என்ற சிக்னல், அதை எந்தப் புரோகிராமாலும் பிடிக்க முடியாது, ஃபைனலி ஓடாது, மோட்டார் நிற்காது. சர்வரில் நீங்கள் அதைப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. கன்ட்ரோல் + இசட்டும் வேண்டாம். லூப் உறைந்து நிற்கும், ரிலே அப்படியே இருக்கும்.

இப்படிக் காப்பாற்றிய குறுவையை அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று போட்டே வைத்திருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பிறகு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். காய்ந்து வந்த நெல் அவர்கள் வாசலில் நனைந்தது சித்தப்பாவின் குற்றமா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பீர்கள், எனக்கு ஆறவில்லை.

நாளை இதை சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் பின்னணியில் தானே ஓட்டும் புரோகிராமாக) ஓட்டினால், நிறுத்தும்போது வருவது சிக்டெர்ம் (எண் 15). டெர்மினலை மூடினால் வருவது சிக்ஹப். இரண்டுக்கும் பைத்தான் தானாக எக்ஸெப்ஷன் எழுப்பாது, ஃபைனலியும் ஓடாது. சிக்னல் மாட்யூலில் இரண்டுக்கும் ஒரு ஃபங்ஷனைப் பதிந்து, அதற்குள் சிஸ் டாட் எக்ஸிட்டைக் கூப்பிடுங்கள்; அது எக்ஸெப்ஷன் எழுப்புவதால் ஃபைனலி ஓடும். இந்த சிக்னல்களெல்லாம் மெயின் த்ரெட்டுக்குத்தான் (புரோகிராமின் முதன்மை ஓட்டம்) வரும், அதனால் லூப்பையும் அங்கேயே வையுங்கள். மோட்டாரை இணைக்குமுன் ரிலேயில் ஒரு பல்பை மாட்டி, கன்ட்ரோல் + சி அழுத்தினாலும், டெர்மினலை மூடினாலும், சர்வீஸை நிறுத்தினாலும் அது அணைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.