என் முறை இல்லாத தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 54. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் தக்காளியும் ராகியும் வைக்கிறேன். 19 வயதில் விவசாய சங்கத்தில் சேர்ந்தவன். மறியலில் உட்கார்ந்து உள்ளே போய் வந்திருக்கிறேன். 'ஒவ்வொருவரிடமிருந்தும் திறமைக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் தேவைக்கேற்ப' என்ற வரியை மேடையில் சொல்லும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

எங்களுடையது கூட்டுக் கிணறு. தாத்தா காலத்தில் நான்கு பங்காளிகள் சேர்ந்து வெட்டியது. பங்குக்கு ஒரு நாள் முறை. போன சித்திரையில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஓட்டினால் மோட்டார் காற்று வாங்கும். என் தக்காளி காய் பிடிக்கிற நேரம், செடியெல்லாம் துவண்டு கிடந்தது.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனேன். விடிந்தால் சின்னம்மா முறை. பங்காளி வீட்டில் அவர் ஒருத்திதான். சித்தப்பா இல்லை, மகன் பெங்களூரில் கட்டட வேலை. ராத்திரி முழுக்க ஊறியிருந்த தண்ணீரை நான் எடுத்துவிட்டேன். ஸ்டார்ட்டர் பெட்டி சத்தம் கேட்கக் கூடாது என்று துண்டைச் சுற்றிப் பிடித்தேன். மாநாட்டில் எனக்குப் போர்த்திய சிவப்புத் துண்டு அது.

காலையில் சின்னம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்தே வத்திப் போச்சு போலப்பா" என்றார். நானும் தலையாட்டினேன்.

என் மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். "மனுஷன் பொறக்கும்போதே சுயநலம்தாம்பா. உங்க பொதுவுடைமை அவனுக்கு ஒத்துவராது" என்பான். முன்பெல்லாம் மணிக்கணக்கில் பதில் சொல்வேன். இப்போது வாயைத் திறப்பதில்லை. நான்கு மாதமாகத் தூக்கம் இல்லை, சங்கக் கூட்டத்துக்கும் போகவில்லை. யாராவது 'தோழர்' என்று கூப்பிட்டால் உடம்பு கூசுகிறது. நானே இப்படி என்றால் வேறு யார் அம்மா ஒழுங்காக இருப்பார்கள்? 35 வருடமாக ஒரு பொய்யையா நம்பினேன்?

---

அன்புள்ள தோழருக்கு,

கூசினாலும் அப்படித்தான் கூப்பிடப் போகிறேன்.

முதலில் தூக்கம். நான்கு மாதமாகத் தூக்கம் போய், ஆட்களிடமிருந்தும் ஒதுங்கியிருக்கிறீர்கள். இதை மனக்கஷ்டம் என்று மட்டும் விட்டுவிடக் கூடாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு தரம் காட்டுங்கள். ராத்திரியில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று சின்னம்மாவுக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன். இன்னொன்று மனிதன் பிறவியிலேயே எப்படிப்பட்டவன் என்ற கேள்வி. சின்னம்மா முன்னால் போய் நிற்பது கஷ்டமாக இருப்பதால், மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். 'எல்லோரும் இப்படித்தான்' என்றால் 'நான் செய்தேன்' என்பதன் கனம் கொஞ்சம் குறையும், இல்லையா?

உங்கள் மகனுடைய வாதத்தையும் பார்த்துவிடுவோம். மார்க்ஸ் 1845-இல் எழுதி வைத்த குறிப்புகளில், மனிதனின் சாரம் தனி ஆளுக்குள் குடியிருக்கும் ஒன்றல்ல, அது சமூக உறவுகளின் மொத்தம் என்கிறார். நான் அதை முக்கால்வாசி ஏற்கிறேன். மீதிக் கால்வாசியைக் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். 2006-இல் வார்னகன், டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றரை வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் துணி காயப்போடும் கிளிப்பைக் கீழே தவறவிட்டு எடுக்க முடியாமல் தவிப்பார். பரிசு கிடையாது, 'எடுத்துக் கொடு' என்று கேட்கவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே போய் உதவின. அதே வயசுக் குழந்தை அடுத்த நிமிஷம் பொம்மையைக் கட்டிக்கொண்டு யாருக்கும் தராமல் கத்தும். இரண்டும் நம்மோடு வருகிறது தோழர். எது எப்போது தலைதூக்கும் என்பதில்தான் சுற்றியிருக்கும் ஏற்பாட்டுக்கு வேலை.

அந்த ஏற்பாடு உங்கள் கிணற்றிலேயே இருக்கிறது. தகடூர் என்ற நம் தர்மபுரி மண்ணில் அதியமானின் நெல்லிக்கனியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஔவைக்கு அவன் கொடுத்ததைப் புறநானூறு பாடியது, இன்றும் பேசுகிறோம். அப்படிக் கொடுப்பது அவ்வளவு அரிது. உங்கள் தாத்தாக்கள் தினமும் ஒரு அதியமானை எதிர்பார்க்கவில்லை. கோடையில் தங்கள் கையையே நம்ப முடியாது என்று தெரிந்துதான் முறை வைத்தார்கள். 2009-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பெற்ற முதல் பெண் எலினோர் ஆஸ்ட்ரம், ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் பல தலைமுறையாக நிலைத்த பொதுப் பாசனங்களை ஆராய்ந்தார். தெளிவான முறை, பார்த்துக்கொள்ள ஆள், தவறினால் முதலில் சின்னத் தண்டனை, மறுபடி தவறினால் பெரிது. இப்படித்தான் அவை நிலைத்தன. அங்கேயும் ராத்திரியில் தண்ணீர் திருடத் துணிந்தவர்கள் உண்டு.

தொண்டை அடைக்கிறது என்றீர்களே, அந்த வரியையும் மார்க்ஸ் நாளைக்கே நடக்கும் என்று எழுதவில்லை. 1875-இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா திட்டத்தை விமர்சிக்கும்போது, புதிய சமூகம் பழைய சமூகத்தின் தழும்புகளோடுதான் பிறக்கும், தொடக்கத்தில் உழைப்புக்கேற்ற பங்கே கிடைக்கும் என்கிறார். தேவைக்கேற்ப என்பது வெகுகாலம் கழித்து. நீங்கள் 19 வயதில் அந்த வரியை உங்களுக்கு வைத்த பரீட்சையாக எடுத்துக்கொண்டு, 54-இல் பெயிலானதாக அழுகிறீர்கள்.

இன்னொன்றையும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். கம்யூனிஸ்டுகள் ஒழுக்கம் போதிப்பதில்லை என்று இளம் வயதில் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதினார்கள். அமைப்பு மாறினால் மனிதன் தானே மாறுவான், மனசாட்சியை அதற்கப்புறம் பார்க்கலாம் என்று பின்னால் வந்தவர்களில் பலர் இருந்துவிட்டார்கள். சோவியத் நாட்டில் கூட்டுப்பண்ணைக் காலத்தில் கிராமங்களிலிருந்து தானியத்தை வழித்தெடுத்தார்கள், 1932-33 பஞ்சத்தில் பல பத்து லட்சம் பேர் செத்தார்கள். எடுத்துப் போனவர்களில் பலர் வரலாற்றின் பேரைச் சொல்லித் தங்கள் கூச்சத்தை அடக்கிக்கொண்டார்கள். உங்களால் ஒரு மணி நேரத் தண்ணீருக்கே அடக்க முடியவில்லை. அந்தக் கூச்சத்தை நான் நோயாகப் பார்க்க மாட்டேன். உங்கள் கட்சிக்கும் அது வேண்டும், எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது. ஒரு சாயங்காலம் தனியாகச் சின்னம்மா வீட்டுக்குப் போங்கள். "அன்னிக்கு ராத்திரி மோட்டார் போட்டது நான்தான் சின்னம்மா." இதை முதலில் சொல்லுங்கள். செடி வாடியதை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். உங்கள் முறையில் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். அவர் திட்டலாம், அழலாம், மற்ற பங்காளிகளிடம் சொல்லலாம். மன்னிக்காமலும் போகலாம். அது அவர் உரிமை.

அப்புறம் நான்கு பங்குக்காரர்களும் கிணற்று மேட்டில் உட்காருங்கள். தண்ணீர் அடிக்குப் போனால் நாள் கணக்கா, மணிக் கணக்கா? காய் பிடிக்கிற வயலுக்கு ஒரு முறையை மாற்றிக் கேட்க வழி உண்டா? முறை மீறினால் என்ன? அந்த ராத்திரி கேட்பதற்கு ஒரு வழி இருந்திருந்தால், நீங்கள் துண்டைச் சுற்றியிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

மகனிடம் வாதத்தில் ஜெயிக்க வேண்டாம். சின்னம்மாவிடம் போய் வந்த கதையை மட்டும் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்துக்கு அதற்கப்புறம் போங்கள். அடுத்த சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் பேசிவிடுங்கள்.