பப்ளிஷர் தரும் முன்பணம்: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

மூன்று வருடம் தனியாக உருவாக்கிய வீடியோ கேமுக்கு, அதை வெளியிட்டு விற்கும் ஒரு பெரிய பப்ளிஷர் 50,000 டாலர் முன்பணமும் வருவாயில் சரிபாதியும் தருகிறார், ஆனால் கேமின் உரிமையையும் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அந்த முன்பணம் எதிலிருந்து கழிக்கப்படும் என்று பாருங்கள். மொத்த வருவாயிலிருந்து என்றால், 50,000 வந்ததுமே பங்கு பிரிப்பு தொடங்கிவிடும். உங்கள் பாதியிலிருந்து மட்டும் என்றால், 1,00,000 டாலர் வரும்வரை உங்களுக்கு ஒரு காசு கிடையாது. கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 30% எடுத்த பிறகுதான் இந்தக் கணக்கே. அதாவது ஏறக்குறைய 1,43,000 டாலருக்கு விற்றாக வேண்டும். விளம்பரச் செலவையும் சேர்த்துக் கழிப்பார்கள் என்றால், அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள்.

உரிமையை மட்டும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். குறிப்பிட்ட வருடங்களுக்கு வெளியிடும் உரிமம் மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒருவரே தனியாக உருவாக்கிய ஸ்டார்டியூ வேலி என்ற கேம் 2016இல் சக்கிள்ஃபிஷ் என்ற பப்ளிஷர் மூலம் வந்தது. 2018 இறுதியில், அதன் கணினிப் பதிப்பை, கேமை உருவாக்கியவரே வெளியிட ஆரம்பித்தார். கேம் அவருடையதாகவே இருந்ததால் அவரால் அப்படிச் செய்ய முடிந்தது.

அப்புறம், பப்ளிஷர் பாதியில் கைவிட்டால் எல்லாம் உங்களிடமே திரும்பும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், ஸ்டீமில் நீங்களே வெளியிட 100 டாலர் கட்டணம்தான்.