மைக்ரேன் தடுப்பு ஊசி: வருஷக்கணக்கில் போட்டால் என்ன ஆகும்?

தலைவலிச் சிகிச்சைப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன். எரெனுமாப், ஃப்ரெமனெசுமாப், கால்கனெசுமாப், எப்டினெசுமாப் ஆகியவை, மைக்ரேனைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற உடம்பிலுள்ள பொருளின் வேலையைத் தடுக்கும் மருந்துகள். இவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எரெனுமாப் போட ஆரம்பித்து ரெண்டு வருஷம் ஆச்சு, தலைவலி பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. பத்து வருஷம் கழிச்சு ஏதாவது வந்து நிக்குமோன்னு பயமா இருக்கு மேடம்.

இந்த வகையில் முதல் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2018இல்தான். எரெனுமாப் போட்டவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு இருக்கிறது. அதில் புதிதாக எந்த ஆபத்தும் தலைகாட்டவில்லை. இருபது வருஷத்துக்கும் சேர்த்து யாராவது உத்தரவாதம் கொடுத்தால், அதை நம்ப வேண்டாம். ஆனால் ஒன்று: இது புரதம். கல்லீரலுக்குச் சுமை ஏற்றாமல், உடம்பே இதைச் சிறுசிறு அமினோ அமிலங்களாகச் சிதைத்துவிடும். ஏறக்குறைய 28 நாளுக்கு ஒருமுறை இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகும். நிறுத்தினால் ஐந்தாறு மாதத்தில் கிட்டத்தட்ட முழுக்க வெளியேறிவிடும்.

என்றோ வரப்போவதை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள், இன்று வயிறும் பிரஷரும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

வெளிக்குப் போய் நாலு நாள் ஆகுது. தலைவலி ஊசிக்கும் வயித்துக்கும் என்னக்கா சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. தலைவலியைத் தூண்டும் சிஜிஆர்பி குடலிலும் வேலை செய்கிறது. குடல் அசைவுக்கு அது தேவை. எரெனுமாப் அந்தப் பொருளைப் பிடிப்பதில்லை, அது போய் ஒட்டும் ஏற்பியையே அடைத்துவிடுகிறது. மலச்சிக்கல் புகார் இதில்தான் அதிகம். மருத்துவமனையில் சேர்க்கவும், சிலருக்கு அறுவை செய்யவும் நேர்ந்ததால், மருந்தோடு வரும் விவரத் தாளில் எச்சரிக்கையாகவே சேர்த்திருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்பது, கூட வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்றுதான். மைக்ரேனைத் தடுக்கப் போடும் அமிட்ரிப்டிலின், வாந்திக்குப் போடும் ஒண்டன்செட்ரான், கோடீன் கலந்த வலி மாத்திரை எல்லாமே குடலை மந்தமாக்கும். ஊசியோடு இவையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நாலு நாள் ஆகிவிட்டது என்றால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள். வயிறு உப்பி, வலியும் வாந்தியும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

எனக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. போடலாமா?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அளந்து பார்த்துக்கொண்டு. சிஜிஆர்பி இரத்தக் குழாய்களை விரிக்கும் பொருள். அதைத் தடுத்தால் சிலருக்குப் பிரஷர் ஏறுகிறது. எரெனுமாபுக்கு 2020இல் இந்த எச்சரிக்கை வந்தது. அப்படி ஏறியவர்களில் பலருக்கு முன்பே பிரஷர் இருந்தது. பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள்தான் ஏறியிருக்கிறது. ஆகவே ஊசி போடும் முன் ஒருமுறை, அந்த வாரத்தில் இரண்டு மூன்று முறை அளந்து, தலைவலி டைரியிலேயே எழுதி வையுங்கள். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் என்றால் கணக்கே வேறு. முக்கியமான ஆய்வுகளில் அப்படிப்பட்டவர்களைப் பெரும்பாலும் சேர்க்கவே இல்லை, நரம்பியல் மருத்துவரோடு இதய மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும்.

குளிர்ல விரல் நுனி வெளுத்து மரத்துப் போகுது...

ரேனாட் எனப்படும் விரல் இரத்தக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். இந்த ஊசிகளோடு பதிவாகியிருக்கிறது. வெளுத்த நேரத்தில் போட்டோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அறைக்குள் போவதற்குள் நிறம் திரும்பிவிடும்.

முடி கொட்டுது. ஊசிதான் காரணமா?

இருக்கலாம், சிலர் சொல்லியிருக்கிறார்கள். தைராய்டு, இரும்புச்சத்து இரண்டையும் பாருங்கள். மைக்ரேனைத் தடுக்க வால்புரோயேட் மாத்திரை எடுத்தால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். எப்போது நிறுத்துவது?

பொதுவாக ஐந்தாறு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மருந்து முழுக்க வெளியேற அவ்வளவு நாள் ஆகும். தெரியாமல் கர்ப்பமாகிவிட்டால் பதற வேண்டாம். அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

போடாக்ஸுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. அது நாள்பட்ட மைக்ரேனுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடுவது. இமை தொங்குவது, கழுத்து வலி போன்றவைதான் அதில் தொல்லை. மருந்தின் வீரியம் இறங்க இறங்க அவையும் சரியாகும்.

நல்லா இருக்கேன். நிறுத்திடலாமா?

12 முதல் 18 மாதச் சிகிச்சைக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டுப் பார்க்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். பலருக்குத் தலைவலி மெல்லத் திரும்புகிறது. நிறுத்திய முதல் மாதம் நன்றாக இருந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அப்போது மருந்து உடம்பில்தான் இருக்கும். மூன்று நாலு மாதம் வரை டைரியை விடாமல் எழுதி, அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.