வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் வந்தால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்

உங்கள் பழைய ஆடியோ ரிசீவரில் வால்யூமை முழுக்கக் குறைத்த பிறகும் ஹம் (‘ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சல்) கேட்கிறது, பேஸ் எடுபடவில்லை, ஒலி சிக்னலைப் பெருக்கும் 4558 ஐசியை எடுத்துவிட்டு 5532 ஐசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் உருவாகும் இரைச்சல் வால்யூமோடு சேர்ந்தே குறைந்துவிடும், உங்களுடையது குறையவில்லை என்பதால் எனக்குச் சந்தேகம் பவர் சப்ளையில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல்தான், பதினைந்து வருட ரிசீவரில் அவை காய்ந்து போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

மாற்றும்போது வோல்டேஜ் அதே அளவு அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகம். மைக்ரோஃபாரட் அளவை (கொள்ளளவை) மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஏற்றிவிடாதீர்கள், ஆன் செய்யும் நொடியில் பாயும் மின்னோட்டத்தை ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் தாங்காமல் போகலாம்.

தயவுசெய்து ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை முனைகளுக்குக் குறுக்கே அரை நிமிடம் பிடித்து, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யவே கூடாது.

பேஸுக்கு முதலில் ஸ்பீக்கர் ஒயரைப் பாருங்கள். ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலே பேஸ் கரைந்துவிடும். அது சரியாக இருந்தால் சிக்னல் பாதையிலுள்ள சின்ன எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களையும் மாற்றுங்கள்.

5532 அப்புறம். பின் அமைப்பு ஒன்றுதான், ஆனால் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சப்ளை பின்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைக்காவிட்டால் ஆசிலேட் ஆகவும் (சிக்னல் இல்லாமலே தானாக அலைவுகளை உண்டாக்கவும்) செய்யலாம்.