பவளத்துக்குள் குடியிருக்கும் கிறிஸ்துமஸ் மரப்புழு: கேள்வி பதில்

கேள்வி: அந்தமானில் டைவிங் போனபோது, போரைட்டஸ் என்ற கல் பவளத்தின் மேல் நீலமும் மஞ்சளுமாகக் குட்டி மரங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. கையை நீட்டியதும் மறைந்துவிட்டன. பவளத்தை அரித்துத் தின்னும் புழுவா சார்?

பதில்: இல்லை. ஸ்பைரோபிராங்கஸ் பேரினத்துக் கிறிஸ்துமஸ் மரப்புழு அது. ஜோடியாகத் தெரிந்த இரண்டு மரமும் ஒரே புழுவின் கிரீடம். மூச்சுக்கும் இரைக்கும் அதுதான். உடம்பு உள்ளே சுண்ணாம்புக் குழாயில் இருக்கும். லார்வா பவளத்தில் ஒட்டிக் குழாய் கட்டும். பவளம் சுற்றி வளர வளர, குழாயின் வாயைப் புழு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டே போகும். தின்பது நீரில் மிதக்கும் நுண்பாசியைத்தான். பவளத்துக்கு இதனால் உதவியும் உண்டு. கிரேட் பேரியர் ரீஃபில் பவளம் தின்னும் முள்கிரீட நட்சத்திர மீன் மேய்ந்த போரைட்டஸில், புழுக்களை ஒட்டியிருந்த பாலிப்புகள் (பவளத்தின் குட்டி உயிரிகள்) பிழைத்ததை 1980களில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

கேள்வி: போட்டோ எடுக்கப் போனாலே உள்ளே போய்விடுகிறது.

பதில்: கிரீடத்திலேயே ஒளியுணரும் கண்கள் உண்டு. உங்கள் நிழல் விழுந்தாலும், நீர் அசைந்தாலும் போதும். ஒரு மீட்டர் தள்ளி நின்று மிதப்பைச் சரிசெய்து, குழாய் வாயில் ஃபோகஸ் வைத்துவிட்டுப் பக்கவாட்டில் தாழ்வாக நெருங்குங்கள். மூச்சை அடக்கவே கூடாது, மெல்ல விடுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் புழு குழாயை அடைக்கும் மூடி வெளியே எட்டிப் பார்க்கும், பிறகு கிரீடம் விரியும். காலில் மாட்டிய துடுப்பு பவளத்தில் படாமல் பாருங்கள். படத்தைவிட அது முக்கியம்.

கேள்வி: மலேசியாவில் இருக்கிறேன். புழுக்களோடு போரைட்டஸ் வாங்கித் தொட்டியில் வைத்தேன். புழுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தனியே பெயர்த்து வைக்கலாமா?

பதில்: பெயர்க்காதீர்கள். குழாய் உடையும், புழு சாகும். முதலில் பவளத்தைக் காப்பாற்றுங்கள். அது செத்தால் பாசி படர்ந்து குழாய் வாயை அடைக்கும். நல்ல வெளிச்சம், நல்ல நீரோட்டம், 25–26 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தி 1.025, கால்சியம் 400–450 பிபிஎம், ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8–9 டிகேஎச் என்று நீரை வையுங்கள்.

அடுத்தது பட்டினி. தொட்டி நீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தால் புழுவுக்கு உணவே இல்லை என்று அர்த்தம். உயிருள்ள நுண்பாசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றி, ஸ்கிம்மரை (நுரையால் கழிவை நீக்கும் கருவி) ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அளவு கூடினால் நைட்ரேட் ஏறும், சோதித்துக்கொண்டே இருங்கள். வண்ணத்துப்பூச்சி மீன் இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், கிரீடத்தைக் கடித்துவிடும். கிரீடம் மட்டும் உதிர்ந்த புழுவைச் செத்ததாக நினைக்க வேண்டாம்; மறுபடி முளைக்கும், சில வாரம் பொறுங்கள்.

கேள்வி: மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து வளர்க்கலாமா?

பதில்: கூடாது. கல் பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. உடைந்து கிடக்கும் துண்டும் வேண்டாம்.

கேள்வி: பாறை புரட்டும்போது வெள்ளை முடியுள்ள புழு பட்டு விரல் எரிகிறது.

பதில்: அது நெருப்புப் புழு. தேய்க்காதீர்கள், முள் உள்ளே உடையும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்து முள்ளை எடுங்கள், பிறகு வினிகர். மூச்சுத்திணறல், முகவீக்கம் வந்தால் உடனே மருத்துவமனை. அடுத்த தடவை கையுறை போடாமல் பாறையைத் தொட வேண்டாம்.