பாம்பனில் இரண்டு ப

வணக்கம் சார்,

மண்டபத்தில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும், கடலுக்குப் போகும் பையன்களும் வருகிறார்கள். தமிழில் பேசினால் 5 ரூபாய் அபராதம் என்று வைத்தேன். உண்டியலில் 340 ரூபாய் சேர்ந்தது. அப்புறம் அபராதமே விழவில்லை, ஏனென்றால் யாரும் வாயைத் திறப்பதில்லை. வகுப்பில் தமிழ் இருக்கட்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அப்படி விட்டால் ஆங்கிலம் எப்படி வரும்?

உங்கள் வாசகன்,
மண்டபம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் படித்த பள்ளியில் தமிழ் பேசியவன் கழுத்தில் ஒரு பலகை தொங்கும். அடுத்து எவன் தமிழ் பேசுகிறானோ அவனுக்கு அதை மாட்டிவிட்டுத்தான் தப்பிக்கலாம். ஆங்கிலம் வரவில்லை. அடுத்தவன் வாயை வேவு பார்க்க நன்றாகக் கற்றுக்கொண்டோம்.

தமிழ் இருக்கட்டும் என்றால் வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லுங்கள் என்று அர்த்தமில்லை. அப்படி நடக்கும் வகுப்பில் ஆங்கிலம் காதிலேயே விழாது. நான் சொல்வது வேறு. பையன் வெறும் வாயோடு வரவில்லை, ஒரு மொழியோடு வருகிறான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

உதாரணத்துக்கு, ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும் சொல் (back), மூட்டை கட்டச் சொல்லும் சொல் (pack), இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே 'பேக்'தான். நம் பையன்களுக்கு இந்த வித்தியாசம் நாக்கில் நிற்காது. 'பாம்பன்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதல் ப ஒரு ஓசை, இரண்டாவது ப இன்னொரு ஓசை. எழுத்து ஒன்று என்பதால் நமக்கு அது தெரிவதே இல்லை. இப்போது 'ம்பன்' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்த ம்-ஐ விழுங்கச் சொல்லுங்கள். மிஞ்சுகிறதே, அதுதான் முதுகுக்கு வேண்டிய ப. பிறந்ததிலிருந்து அவன் வாயில் இருக்கிறது, சொல்லின் முதலில் வைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இலக்கணத்திலும் இப்படி உண்டு. 'ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு' என்று கதை கேட்டவனுக்கு ஆங்கிலத்தின் 'எ' (a), 'தி' (the) இரண்டும் பாதி தெரிந்த விஷயம்.

தங்கச்சிமடத்தில் நான் வகுப்பு எடுத்தபோது ஒரு பையன் கேட்டான், "கச்சானுக்கு இங்கிலீஷ்ல என்ன சார்?" ஒரே சொல்லாக எனக்குத் தெரியாது என்றேன். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்று வீசும் திசைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிற ஊர் இது. "கடலையே பார்க்காத ஒருத்தனுக்கு நீயே சொல்லு" என்றேன். எழுந்து நின்று, "விண்ட் கம் வெஸ்ட். சீ நோ ஸ்லீப். போட் நோ கோ" என்றான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடல் தூங்காது என்பதை நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. விடாமல் ஐந்து நிமிடம் பேசினான். காற்றைப் பற்றி என்னைவிட அவனுக்கு அதிகம் தெரியும், அதனால் கூச்சம் இல்லை. (நமக்குத் தெரிந்ததையே அவனிடம் கேட்டுப் பரீட்சை வைப்பது வாத்தியார்களின் பழைய வியாதி. எனக்கும் இருந்தது.)

திருத்தம்? அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள், கம் அல்ல, கம்ஸ் என்று அந்த ஒரு 'எஸ்'ஸை மட்டும் சொன்னேன். வருகிறேன், வருகிறான், வருகிறது என்று ஆளுக்கொரு விகுதி போடுகிற வாய்க்கு ஒரு 'எஸ்' பாரமா என்ன?

அந்த 340 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தன் பங்கு எவ்வளவு, எதற்காகக் கட்டினான் என்று ஒவ்வொருவனும் ஆங்கிலத்தில் சொல்லி வாங்கட்டும். சொல் கிடைக்காத இடத்தில் தமிழில் கேட்கலாம், அபராதம் கிடையாது.

அன்புடன்.