ஐசி எண்ணைச் சரியாகச் சொல்கிறான், என் போன் ஹேக் ஆகிவிட்டதா?

"போலீஸ்" என்று அழைத்தவன் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண், பிரிக்ஃபீல்ட்ஸ் முகவரி எல்லாம் ஒப்பித்தானே, போனுக்குள் ஆள் புகுந்துவிட்டானா என்று கேட்கிறீர்கள். அநேகமாக இல்லை. மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்கள் கசிந்தது 2017இல் தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம்! பெயர், முகவரி, ஐசி எண்ணும் சேர்ந்தே போயின. போன் எண்ணை மாற்றலாம், ஐசியை? அதிலும் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கு என்றால் 07. பாதியை யூகித்தே சொல்லிவிடலாம்.

சரி, அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) எதையாவது நிறுவினீர்களா? அப்படியென்றால் கதை வேறு. அது உங்கள் குறுஞ்செய்திகளை, வங்கியின் ஓடிபி உட்பட, படிக்கக்கூடும். உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கியையும், மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண்ணான 997ஐயும் அழையுங்கள்.